மஞ்சள் அட்டை

அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் வைத்த பெயர் தலையாட்டி. "புரிஞ்சுதா?" என்றால் ஒரு ஆட்டு. "எழுதி முடிச்சாச்சா?" என்றால் இன்னொரு ஆட்டு. அடக்கமான பிள்ளை என்று இரண்டரை வருடம் எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள். பாதி வார்த்தைகள் அவளுக்குப் புரியவே இல்லை என்பது மூன்றாம் வகுப்பின் நடுவில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதுவரை அத்தனை பெரியவர்கள் கண்ணிலும் மண்ணைத் தூவியிருந்தாள். பாவம், எல்லாம் பயத்தில்தான்.

பேச்சிலும் வாசிப்பிலும் தடுமாறும் பிள்ளைகளுக்கென்று பள்ளியில் ஒரு பேச்சு டீச்சர் இருந்தார்; அவர் குழுவில் அவளோடு சேர்த்து ஐந்து பேர். மாடிப்படிக்குக் கீழே, துடைப்பமும் உடைந்த நாற்காலியும் கிடந்த இடத்தை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். அங்கே ஒரே ஒரு சட்டம். புரியாத வார்த்தை வந்தால் மஞ்சள் அட்டையைத் தூக்க வேண்டும். தூக்கியவருக்கு மற்றவர்கள் கை தட்டுவார்கள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து முன்வரி பின்வரியெல்லாம் துழாவி அந்த வார்த்தையைப் பிடிப்பார்கள். தலையாட்டி முதல் தடவை அட்டையைத் தூக்க ஆறு வாரம் ஆனது. அப்புறம் அந்த அட்டை கீழே இறங்கவே இல்லை.

ஆண்டு முடிவில் தலைமையாசிரியை அவளுக்குத் தன் அறையிலேயே பரீட்சை வைத்தார். தேறாவிட்டால் மறுபடியும் மூன்றாம் வகுப்பு. அதாவது, அடுத்த வருடம் மூன்றாவதுக்கு வரும் வாயாடித் தங்கையோடு ஒரே பெஞ்சு. அதை நினைத்து இரண்டு நாளாய் அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவள் அப்பா வந்து சொல்லிவிட்டுப் போனார். பேச்சு டீச்சர் பார்த்துப் பார்த்துத் தயார் செய்தார். ஒன்றை மட்டும் கோட்டைவிட்டார்: பரீட்சையில் அட்டை தூக்கக் கூடாது என்று சொல்லவில்லை.

கேள்வித்தாளில் இருந்த கதையைத் தலையாட்டி வாசித்தாள்: நடு ஆற்றில் சுக்கான் கழன்று விழுந்தது. படகோட்டி இரண்டு துடுப்பையும் பிடித்து வலித்தும் படகு தன் இஷ்டத்துக்குச் சுற்றியது.

நிறுத்தினாள். பையிலிருந்து மஞ்சள் அட்டை வெளியே வந்தது.

"சுக்கான் புரியல மிஸ்."

பக்கத்தில் இருந்த பேச்சு டீச்சர் நாற்காலி நுனிக்கு வந்தார். தலைமையாசிரியை பேனாவைத் திறந்தார். "பாத்தீங்களா டீச்சர்? முதல் கேள்வியே சுக்கான்னா என்னன்னுதான்."

"அவளக் கொஞ்சம் பேச விடுங்க மேடம்."

"அது துடுப்பு இல்ல," என்றாள் தலையாட்டி. "துடுப்பு ரெண்டும் அவர் கையில இருக்கு. ஓட்டைய அடைக்கிறதும் இல்ல. தண்ணி உள்ள வரல." விரலை வரிமேல் ஓட்டினாள். "படகு போகுது, ஆனா அவர் நினைச்ச பக்கம் திரும்பல. அப்போ திருப்புறதுதான் சுக்கான். சைக்கிளுக்கு ஹேண்டில்பார் மாதிரி."

தலைமையாசிரியை தன் விடைக்குறிப்பைப் பார்த்தார். 'படகின் ஒரு பகுதி' என்று போட்டிருந்தது.

"நேத்து நாப்பது பிள்ளைங்க இத அப்படியே எழுதி மார்க் வாங்கிட்டாங்க," என்றார் மெதுவாக. "என்ன பகுதின்னு ஒருத்தரும் கேக்கல. நானுந்தான் கேக்கல."

மிச்சக் கேள்விகளையும் தலையாட்டி ஒரு கை பார்த்தாள். தலைமையாசிரியை பேனாவை மூடினார்.

"நீ தேறியாச்சு. புரிஞ்சுதா?"

பழைய தலையாட்டியாக இருந்தால் அந்த நிமிடமே ஆட்டியிருப்பாள். இவள் அட்டையைத் தூக்கினாள். பழக்க தோஷம், பேச்சு டீச்சர் தனியாளாய்க் கை தட்டிவிட்டார்.

"அப்படின்னா, தங்கச்சி பெஞ்சுல உக்கார வேண்டாமா மிஸ்?"

"வேண்டாம். உன் கூட்டாளிங்களோட நாலாம் வகுப்புக்குப் போற."

அப்புறம்தான் தலையாட்டினாள்.