இறுக்கத் தெரியாத கை

என் வீட்டுக்காரர் மார்ட்டின், கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் பாகங்களை அளந்து பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். போன மாதம் தில்லை நகர் கிளினிக்கில் ஒரு கருவியைக் கொடுத்துக் கையால் அமுக்கச் சொன்னார்கள். முள் பதினாலு கிலோவில் நின்றுவிட்டது.

"கையில பிடி இவ்வளவு குறைஞ்சா, உடம்பே தளருதுன்னு அர்த்தம்" என்றார் டாக்டர்.

செல்போனில் தேடினால், பிடி குறைந்தவர்களுக்கு ஆயுசும் குறைச்சல் என்று போட்டிருந்தது. இந்த மனுஷன் இல்லாமல் நான் என்ன செய்வேன்? அன்றிலிருந்து காய்கறிப் பை, அரிசி மூட்டை எல்லாம் நான்தான் தூக்கினேன். அவருக்குத் தினமும் ஊறவைத்த பாதாம், அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்து. மகாராஜா ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

நேற்று மறுபடி போனோம். பிசியோதெரபி பெண் ஜோதி கருவியை நீட்டினாள். அவர் அதைப் பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி வாங்கினார்.

"என்ன சார் இப்படிப் பிடிக்கிறீங்க? நல்லா இறுக்குங்க."

"அளக்கற கருவியை இறுக்கலாமாம்மா? மைக்ரோமீட்டரை எவனாவது இறுக்கினா நான் அவன் கையிலயே ஒண்ணு போடுவேன். தொட்டும் தொடாம பிடிக்கணும். இல்லன்னா அளவு கெட்டுடும்."

"ஐயோ சார், இது இறுக்கறதுக்குத்தான்!"

இறுக்கினார். முப்பத்தாறு!

"ஏசுவே! ஒரு மாசமா என்னை மூட்டை தூக்க விட்டீங்களே!"

"பாதாம் நல்லா இருந்துச்சு லிசி" என்று சிரித்தார்.

ஜோதியும் சிரித்துக்கொண்டே, "நீங்களும் பாருங்கம்மா" என்று கருவியை என்னிடம் கொடுத்தாள். இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்துப் பல்லைக் கடித்து அமுக்கினேன். முள் பதினொன்றைத் தாண்டவில்லை.

"பயப்படாதீங்கம்மா, பயிற்சி பண்ணினா ஏறிடும்" என்றாள் ஜோதி. எனக்குப் பயமில்லை. ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு செத்துப்போயிருந்தது.

பஸ்ஸில் என் பையைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்த பந்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். என் விரல்களை மடக்கி, அதன்மேல் தன் கையை வைத்து மூடினார்.

"அமுக்கு."

"வலிக்குதுங்க. முப்பத்தாறு கிலோவையும் என்கிட்டயா காட்டுவீங்க?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனுஷன் என் கையை மெதுவாகத்தான் தொட்டிருக்கிறார். நாங்கள் இறங்க வேண்டிய திருவெறும்பூர் வந்தும் பிடியைத் தளர்த்தவில்லை.