ஏழு புள்ளி இரண்டு

பழங்காநத்தத்து லேப் ஒன்றில் ஆறு வருஷமாக அடுத்தவர் ரத்தத்தைப் பரிசோதித்து வந்த சுபலட்சுமி, அந்தப் புதன்கிழமை காலை தன் ரிப்போர்ட்டைத் தானே டைப் அடித்தாள். யூரிக் ஆசிட் 7.2. சிறுநீரில் புரதம். பிரஷர் 156/104. வயிற்றில் முப்பத்தேழு வாரம். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். "உடனே வந்து அட்மிட் ஆயிரு" என்றார் அவர்.

பையை எடுக்க வீட்டுக்கு வந்தால், வாசலில் மாமனார் விருமாண்டி நின்றார். தெரு முழுக்க ஒட்டியிருந்த வளைகாப்புப் போஸ்டரில் அவர் ஆளுயரம். மருமகள் தபால்தலை அளவு. வெள்ளிக்கிழமை விழா. எழுநூறு பேருக்குக் கறிச்சோறு.

யூரிக் ஆசிட் ஏறியிருப்பதால் ஆஸ்பத்திரியில் சேரப்போவதாக அவள் சொன்னாள்.

"எம்புட்டு இருக்காம்?"

"ஏழு புள்ளி ரெண்டு மாமா."

விருமாண்டி சிரித்தார். அதே யூரிக் ஆசிட்டால் கால் பெருவிரல் வீங்கி நாலு வருஷமாக மாத்திரை விழுங்குகிறவர். அந்த அனுபவத்தில் பாதி டாக்டராகிவிட்டதாக நினைப்பு.

"எனக்கு ஒம்போது! நான் என்ன ஆஸ்பத்திரியிலயா கெடக்கேன்? கறி திங்கிற வம்சத்துக்கு வர்றது தாயி அது. என் மாத்திரையில பாதிய முழுங்கு, வெள்ளிக்குள்ள எறங்கிரும்."

"மாசமா இருக்கப்ப அது கொறஞ்சு இருக்கணும் மாமா. எனக்குப் பிரஷரும் சேந்து ஏறியிருக்கு. உங்களுக்கு மாதிரி வெரலோட நிக்காது. வலிப்பு வந்தா ரெண்டு உசுரு."

"வளையல் போடாம நெறமாசக்காரி வாசப்படி தாண்டப்படாது."

"தெனம் எட்டு மணிக்கு லேப்புக்குத் தாண்டுறேனே, அது எந்தப் படி?"

விருமாண்டி வேறு பக்கம் தாவினார். "போஸ்டர் ஒட்டியாச்சு, ஊரு என்ன பேசும்?"

"அதுல பெருசா இருக்கது நீங்கதான். வளையலையும் நீங்களே போட்டுக்கங்க. கைக்கு எடுப்பா இருக்கும்."

அப்பாவுக்குப் பின்னால் நின்ற அவள் கணவன் ஜெயபாண்டி, இருபத்தொன்பது வயதுவரை அப்பா முகத்தைப் பார்த்தே தலையாட்டிப் பழகியவன். இப்போது மனைவியின் பாதத்தைப் பார்த்தான். வீக்கத்தில் செருப்பு நுழைய மறுத்தது.

"நான் ஆட்டோ கூட்டிட்டு வாரேன்" என்று ஓடினான்.

வியாழன் மதியம் பெண் பிறந்தது. இரண்டு கிலோ நானூறு. பார்க்க வந்த விருமாண்டி, "நேத்தே ஆஸ்பத்திரிக்குப் போன்னு நாந்தேன் வெரட்டுனேன்" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

சுபலட்சுமி கையை நீட்டி நர்ஸைக் கூப்பிட்டாள். "சிஸ்டர், பிரஷர இன்னொருக்கா பாருங்க. பிள்ளை பொறந்ததும் எறங்கிருவேன்னு அது எழுதியா குடுத்திருக்கு?"