பூட்டுப் பட்டறையில் பிறந்த வர்க்கமூலம்

சகாயராணி அச்சுக் கோத்துக் கொடுத்த பக்கத்தைப் பக்ருன்னிசா டீச்சர் இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இதை அச்சடிக்க வேண்டாம் என்றார்.

1959 ஜூன் மாதம். திண்டுக்கல் நாகல் நகரில் கண்ணுசாமி நடத்திவந்த அச்சகத்தில் அதுவரை கல்யாணப் பத்திரிகையும் தோல் மண்டி லேபிளும் கோயில் நோட்டீசும்தான் அச்சாகிவந்தன. சகாயராணி அங்கே ஆறு வருடமாக அச்சுக் கோக்கிறவள். பெண்கள் பள்ளியில் கணக்கு எடுக்கும் பக்ருன்னிசா, தமிழில் ஒரு இயற்கணிதப் புத்தகம் எழுதி அங்கே கொடுத்திருந்தார். மேலே படிக்கப்போகிறவர்கள் திணறக் கூடாதென்று ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் எழுதியிருந்தார்.

அச்சகத்தில் சின்ன எண்கள் இல்லை. அதனால் x² என்பது x2 என்று விழுந்திருந்தது. ஆங்கில எழுத்துகள் வேறு வார்ப்படச் சாலையில் வாங்கியவை. தமிழ் எழுத்தைவிட மயிரிழை குட்டை. வரியில் தாழ்ந்து உட்கார்ந்து, மங்கலாகப் பதிந்தன. வர்க்கமூலக் குறி, எழுத்துகளைப் பிரித்துப் போட்டுவைக்கும் கேஸில் எந்த அறையிலும் கிடையாது.

"என் பிள்ளைக இதை ரெண்டு x-னு படிச்சிரும், ராணி. போன வருசம் நோட்ஸ்ல இப்படித்தான் இருந்துச்சு. பதினோரு பேரு ஒரே கணக்குல தப்பு பண்ணுனாக."

இடம் விட்டு அச்சடித்துப் பேனாவால் எழுதிக்கொள்ளலாம் என்று கண்ணுசாமி யோசனை சொன்னார். டீச்சர் ஒப்பவில்லை. மதராசில் அச்செழுத்து வார்க்கிறவர்களுக்கு எழுதிக் கேட்டதில், தமிழோடு சேர்கிற மாதிரி கணக்குக் குறிகள் தாங்கள் வார்ப்பதில்லை என்று பதில் வந்தது. கையெழுத்துப் பிரதி ஒரு மாதம் அலமாரியில் கிடந்தது.

அந்த அலமாரிப் பூட்டு ஒருநாள் திறக்க மறுத்தது. சகாயராணி அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஒச்சப்பனின் பூட்டுப் பட்டறைக்குப் போனாள். அவர் அப்போது புதுப் பூட்டுகளிலும் அவற்றின் சாவிகளிலும் எண் அடித்துக்கொண்டிருந்தார். இரும்பு உளியைச் சாவியின் மேல் நிறுத்தி, சுத்தியலால் ஒரு தட்டு. சாவியில் 2 விழுந்தது. சகாயராணி உளியை வாங்கி நுனியைப் பார்த்தாள். அச்செழுத்தைப் போலவே அந்த 2 இடவலம் மாறித் திரும்பி இருந்தது. x-இன் தலைமேல் ஏற்ற அவள் தேடிக்கொண்டிருந்த சின்ன அளவும் அதுதான்.

இதைப் பித்தளைத் துண்டில் அடித்து, அந்தப் பள்ளத்தில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினால் தனக்கு ஓர் எழுத்து கிடைக்கும் என்று அவள் விளக்கினாள். ஒச்சப்பன் சற்று யோசித்தார்.

"எழுத்து எந்திரிச்சு வரும் தாயி. ஆனா அது நிக்கக் காலு வேணும்ல?"

காலும் அவரே செய்தார். இரண்டு இரும்புத் துண்டுகள் சேர்ந்து பெட்டியாகும். அடியில் பித்தளைத் துண்டு, மேலே ஊற்ற வாய். அச்சகத்தில் தேய்ந்து ஒதுக்கிய எழுத்துகளை உருக்கினார்கள். முதலில் வந்தவை உயரம் கூடி, தாளைக் கிழித்தன. சரியான உயரத்துக்கு ஒரு இரும்புச் சட்டம் செய்து, அதில் எழுத்தை நிறுத்தி, வெளியே நீட்டிய அடியை அரத்தால் அராவினார். குட்டையான ஆங்கில எழுத்துகளுக்கு அடியில் சகாயராணி மெல்லிய தாள் ஒட்டினாள். வரியில் தாழ்ந்தவற்றைத் தகடு வைத்துத் தூக்கினாள். தமிழும் ஆங்கிலமும் எண்ணும் ஒரே வரியில் ஒரே கறுப்பாக நின்ற பக்கத்தை அவள் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

வர்க்கமூலக் குறிக்கு டீச்சரே பட்டறைக்கு வந்து சாக்பீஸால் வரைந்து காட்டினார். ஒச்சப்பன் வரைந்தபடியே உளியில் வெட்டினார். தாளில் அது இடவலம் மாறி விழுந்தது.

"இம்புட்டு வருசமா எண்ணைத் திருப்பி வெட்டுறேன். இதுல எனக்குப் புத்தி போகலையே," என்று சிரித்துவிட்டு மறுபடி வெட்டினார். மூன்று உயரத்தில் செய்தார். குறியின் தலையில் காடியாகச் சிறு பள்ளம் எடுத்து, மேல்கோட்டுக்கான பித்தளைப் பட்டை அதில் இடைவெளி தெரியாமல் உட்காரும்படி அராவிக் கொடுத்தார்.

ஆனால் எது எங்கே நிற்கும் என்று தெரியாமல் கோக்க முடியாது. சகாயராணி எட்டாம் வகுப்போடு நின்றவள். பள்ளி விட்டதும் டீச்சர் அச்சகத்துக்கு வருவார். இந்த 2 ஏன் மேலே ஏறுகிறது, இந்தக் கோடு ஏன் இதுவரை போகிறது என்று அவள் கேட்பாள். கேட்டதை வேண்டாத தாள்களின் பின்பக்கம் போட்டுப் பார்ப்பாள்.

நாற்பத்தேழாம் பக்கத்தில் அவள் கை நின்றது. x² − 5x + 6 = 0 என்ற கணக்குக்கு விடை −2, −3 என்று எழுதியிருந்தது. −2 போட்டுப் பார்த்தாள்; இருபது வந்தது. தன் பிழையாகத்தான் இருக்கும் என்று மூன்று முறை போட்டாள். படித்தவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை.

"டீச்சர், இந்த விடை எனக்கு வர மாட்டேங்குது."

பக்ருன்னிசா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். முகம் சிவந்தது.

"தப்பு என்னோடது. ரெண்டும் மூணும்தான் விடை." தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்து, "விடைப் பக்கம் முழுசையும் நீயே போட்டுப் பாத்துட்டுக் கோத்துரு, ராணி," என்றார்.

அவள் இன்னும் இரண்டு பிழைகள் கண்டுபிடித்தாள். ஜனவரியில் புத்தகம் வந்தது. கணக்குகளைச் சரிபார்த்தவர் சகாயராணி, குறிகளைச் செய்தவர் ஒச்சப்பன் என்று முன்னுரையில் டீச்சர் எழுதியிருந்தார். அதைப் படிக்கச் சொல்லிக் கேட்ட ஒச்சப்பன், இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

பங்குனியில் கன்னிவாடியிலிருந்து ஓர் ஆசிரியர் வந்தார். அவர் எழுதியிருந்தது பௌதிகப் புத்தகம். புரட்டிப் பார்த்த சகாயராணி, வேண்டிய புதுக் குறிகளைத் தாளில் ஒவ்வொன்றாக வரைந்து எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். ஒச்சப்பன் தீட்டாவில் (θ) விரல் வைத்து, இது எந்த ஊர் எழுத்து என்று கேட்டார். கிரேக்க நாட்டு எழுத்து என்றாள்.

"சுழி போட்டு நடுவுல ஒரு கோடு. சாவித் தொளை மாதிரிதான் இருக்கு," என்றபடி அவர் புது உளி ஒன்றைப் பிடிப்பில் மாட்டினார். "தாளை வெளிச்சத்துல திருப்பிப் பிடி தாயி. இந்தத் தடவை எல்லாத்தையும் பின்னாடியிருந்து பாத்து வெட்டுறேன்."