தியாகலிங்கம் ஓம் சொன்ன நாள்

கரம்பொன் ஊர்த் தியாகலிங்கம் கலியாணம் கட்டி முப்பது வருஷமாக மனைவி சொன்ன எதற்கும் சரியென்று ஓம் சொன்னதில்லை. 1984 மாசியில் மிளகாய்த் தோட்டத்தில் நின்றவர், தலைக்குள் வெடி வெடித்ததுபோல் அலறிக்கொண்டு விழுந்தார். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். நீர் இரத்தமாக வந்தது. மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்திருக்கிறது, அசையாமல் கிடக்க வேண்டும் என்றார் டாக்குத்தர்.

உடம்பு அசையாமல் கிடந்தது. வாய் கிடக்கவில்லை. தலையணை கல்லு என்றார். பக்கத்துக் கட்டில்காரர் தன்னைச் சீண்டவே இருமுகிறார் என்றார். மனைவி இராசமணி கோயிலுக்கு வைத்த நேர்த்திக்கடனும் பிழை.

ஏழாம் நாள் காலை இராசமணி கஞ்சி கொண்டுவந்தாள்.

"உப்புப் போதுமோ?"

"ஓம்."

அவளுக்குத் திக்கென்றது. கூடப் பிறந்த தம்பி இளையதம்பியோடு எல்லை வேலிச் சண்டையில் பதினொரு வருஷமாக முகம் பார்க்காத மனுஷன் இவர். அதையே கேட்டுப் பார்த்தாள்.

"வேலியை இளையதம்பிக்கே விட்டுக் குடுப்பமோ?"

"ஓம்," என்று சாந்தமாகச் சொல்லிக் கண்ணை மூடினார்.

இராசமணி விழுந்தடித்து ஓடினாள். "மிஸ்ஸி, கெதியா வாங்கோ! இவர் ஓம் எண்டுறார்!"

தாதி சிரித்தாள். "நல்லதுதானே அக்கா. வந்த நோய் ஆளைத் திருத்திப் போட்டுது."

"திருந்திற ஆள் இல்லைப் பிள்ளை இவர்! டாக்குத்தரைக் கூப்பிடுங்கோ. இல்லாட்டி இதிலை நிண்டு குளறுவன்."

டாக்குத்தர் வந்து பேனையைக் காட்டினார். "ஐயா, இது என்ன?"

"ஓம்."

இரண்டு கைகளையும் நீட்டிப் பிடிக்க வைத்தார். இடக்கை நின்றது. வலக்கை மெல்ல மெல்லக் கீழே சரிந்தது. தாதியின் சிரிப்பு நின்றுபோனது.

"அம்மா, கசிஞ்ச ரத்தம் பட்டு மூளைக்குப் போற ரத்தக்குழாய் நல்லா ஒடுங்கிப் போச்சு. ஒரு கிழமை கழிய இப்பிடி வரலாம் எண்டு நாங்களும் பாத்துக்கொண்டுதான் இருந்தனாங்கள். நீங்கள் முந்திப் பிடிச்சிட்டியள்."

ஒடுங்கிய குழாயால் ரத்தம் தள்ளிக்கொண்டு போகட்டும் என்று, பிரஷரைக் குறைக்கும் குளிசையை நிறுத்தி, சேலைனைக் கூட்டி ஓடவிட்டார்.

மூன்று நாள் இராசமணி கட்டிலை விட்டு நகரவில்லை. அவர் சொன்ன ஒவ்வொரு ஓமுக்கும் அவள் தாதியைக் கூப்பிட்டாள். நாலாம் நாள் கஞ்சி நாக்கில் பட்டதும் அவர் முகம் சுழித்தது.

"சீ... இதென்ன... கழனித்தண்ணியோ?"

இராசமணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ஏன் அழுறீர்? குடிக்கிறது நானெல்லோ!"

பிறகு கொழும்பில் தலையைத் திறந்து, குழாய் வெடித்த இடத்தை அடைத்துவிட்டார்கள். வலக்கை விரல் இரண்டு மட்டும் முன்போல மடங்கவில்லை. சட்டைப் பொத்தானை இராசமணிதான் பூட்டிவிடுவாள். அந்த நேரம் மட்டும் அவர் ஒரு குறையும் சொல்லாமல் வீட்டு முகட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.