கூரியரில் போன கை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையில் வரும் மரச்சிலையை நான் நேரில் பார்த்ததில்லை. 2004இல் ஆம்பூர் பிரவுசிங் சென்டர் ஒன்றில், இன்டர்நெட்டில் அதன் போட்டோவைப் பார்த்தேன். உடனே கதை வந்துவிட்டது. பார்க்காத விஷயம் என்றால்தான் எனக்குக் கை ஓடும்.

தொடக்கம்: "அந்தக் கண்கள் கடல் தாண்டிப் பேசுவதற்காகவே—"

(வேண்டாம். போட்டோவில் கண்ணே சரியாகத் தெரியவில்லை.)

2

தேவானந்தம் மாதனூர்க்காரர். தோல் கம்பெனியில் தரம் பிரிப்பவர். கண்ணை மூடித் தடவியே எது முதல் தரம் என்று சொல்லிவிடுவார். மனைவி சௌந்தரம் ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டியவர். அவர் இறந்தபோது, மஸ்கட்டில் நர்ஸாக இருந்த மகள் ரெனிட்டாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கடைசியாக ஒருமுறை அம்மாவை அவளுக்குக் காட்டமுடியவில்லையே என்று தேவானந்தத்துக்கு மனசு ஆறவில்லை. எட்டு மாதம் உட்கார்ந்து, வேப்பங்கட்டையில் சௌந்தரத்தைச் செதுக்கினார், இடுப்பு வரைக்கும், வலது கையை முன்னால் நீட்டியபடி.

(அடிக்குறிப்பு: எட்டு மாதம் என்பது என் கணக்கு. ஆறு என்று எழுதினால் உழைப்பு போதவில்லை.)

அந்தப் பிரவுசிங் சென்டர் முதலாளி ஷோயப் போட்டோ எடுத்து இன்டர்நெட்டில் ஏற்றினார். ரெனிட்டா போன் செய்தாள்.

"சூப்பரா இருக்குப்பா. யாரு, மாதாவா?"

3

இந்த இடத்தில் தேவானந்தத்தை அழவைக்க மூன்று பக்கம் எழுதினேன். மனிதர் அழவில்லை. நேராக ஷோயப்பிடம் போய்விட்டார்.

"இன்னா பாய், இதுல அவ கை தெரியவே இல்லியே."

"தெரியுதேண்ணே. ஒரு வெரலுதான் கோணலா இருக்குது. கம்ப்யூட்டர்ல நேராக்கிடட்டா?"

"அது மிஷின் ஊசி ஏறுன வெரலு பாய். நேராக்கிட்டா அவ யாரோ ஆயிடுவா."

"அப்ப நாலு பக்கமும் ஜாஸ்தி போட்டோ எடுப்போம்."

"போட்டோ பாத்து எவன் தோல் வாங்குறான்?"

அவர் தொழிலில் அது நிஜம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிக் கூரியரில் அனுப்பினால், வெளிநாட்டுக்காரன் தடவிப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுப்பான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, சிலையின் வலது கையை மணிக்கட்டோடு அறுத்தார்.

இது கொஞ்சம் ஓவர், வாசகர் நம்பமாட்டார் என்று அவரிடம் மன்றாடினேன். "சாம்பிள் வெட்டாம எப்பிடி சார்?" என்றார்.

4

இன்டர்நெட்டில் சௌந்தரத்துக்கு இப்போதும் இரண்டு கை. மாதனூரில் ஒன்றுதான். பத்து நாளில் பார்சல் மஸ்கட் சேர்ந்தது.

முடிவு அ: ரெனிட்டா கத்துகிறாள். "அம்மாவ அறுத்துட்டியாப்பா?"

முடிவு ஆ: ஒவ்வொரு விரலாகத் தடவுகிறாள், மெல்ல மெல்ல அவள் கண்களில்—

(அடித்துவிட்டேன். பின்னணியில் வயலின் கேட்கிறது.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். போன் வந்தது. "வந்துட்சிப்பா" என்றாள். அதற்குப் பிறகு வெகுநேரம் இருவருமே பேசவில்லை. அவ்வளவு நேரமும் அவள் அந்தக் கையை எங்கே வைத்திருந்தாள், நெற்றியிலா, கன்னத்திலா, நான் எழுதினால் கெட்டுவிடும். உங்கள் அம்மாவின் கை எங்கே வரும் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே வையுங்கள்.