ஈ டிரைவ் புதுசு என்று நினைத்தேன்

கம்ப்யூட்டர் மெக்கானிக் ஷரஃபுதீன் சொன்னபடி பத்தேகாலுக்கே வந்துவிட்டார். அதனால் நடந்தது எதற்கும் அவரைக் குறை சொல்ல வழியில்லை. ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகக் கம்ப்யூட்டர் முன்னால் குந்தியவரை நான்தான் தடுத்தேன்.

"பத்தரைக்கு ராகு காலம். பன்னெண்டு வரைக்கும் பொட்டியைத் தொடவேண்டாம்."

"இன்னும் கால் மணி கீதே சார், தொறந்துடறேன்."

"தொறந்தா போறுமா? முடிக்க வேண்டாமா?"

மனுஷர் சிரித்துவிட்டு ஹாலில் உட்கார்ந்தார். இரண்டு காபி, இரண்டு பேப்பர், மின்விசிறிக்குக் கீழே அரைத்தூக்கம். எங்கள் மயிலாப்பூர் வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க்குக்கு இவ்வளவு மரியாதை கிடைத்தது அன்றைக்குத்தான்.

1997, ஒரு வெள்ளிக்கிழமை. கம்ப்யூட்டர் என் மனைவி மாளவிகாவுடையது. வீட்டிலிருந்தே தமிழில் டைப் அடித்துக் கொடுப்பாள்: கல்யாணப் பத்திரிகை, சபா மலர், ஆராய்ச்சிக் கட்டுரை. யாராவது கேட்டால் நான், "ஆத்துல சும்மா இருக்கமுடியலை, ஏதோ அடிச்சிண்டிருக்கா" என்பேன். அப்போது அவள் கையில் இருந்தது ஆழ்வார்பேட்டை கைசர் ஜஹானின் பிஎச்.டி. ஆய்வேடு. சோழர் கால ஏரிப் பாசனம், எட்டு அத்தியாயம், இருநூற்று நாற்பது பக்கம். திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் யூனிவர்சிடியில் கொடுக்கவேண்டும். தவறினால் கைசர் ஜஹானின் ஆறு வருஷ உழைப்பு போச்சு.

கடைசி அத்தியாயத்தில் பாதிதான் பாக்கி. அதற்குள் டிஸ்க் நிரம்பி மெஷின் முரண்டு பிடித்தது. அதனால்தான் ஷரஃபுதீனும் இரண்டு ஜி.பி. டிஸ்க்கும். முதல் மூன்று அத்தியாயத்தை ஃப்ளாப்பியில் காப்பி எடுத்துவைத்திருந்தாள். மீதியைப் புது டிஸ்க் வந்ததும் எடுத்துக்கொள்வதாக இருந்தாள்.

பன்னிரண்டு அடித்தது. மீதிக் கையெழுத்துப் பக்கங்களை வாங்கிவர மாளவிகா ஆழ்வார்பேட்டைக்குக் கிளம்பினாள். ஷரஃபுதீன் பெட்டியைத் திறந்து, பழைய டிஸ்க்குக்குக் கீழே புதியதை முடுக்கி, கேபிளைச் செருகினார். மெஷின் இரண்டையும் அடையாளம் கண்டுகொண்டது. புது டிஸ்க்கில் பார்ட்டிஷனும் போட்டுவிட்டார். மணி பன்னிரண்டரை.

"ஜும்மாவுக்கு டைம் ஆயிடுச்சு சார். ஃபார்மட் ஒண்ணுதான் பாக்கி, தொழுதுட்டு ரெண்டு மணிக்குள்ள வந்துடறேன். எதையும் தொடாதீங்க."

காலையிலேயே அவரை விட்டிருந்தால் பதினொன்றுக்கெல்லாம் வேலை முடிந்திருக்கும். அது அப்போது என் புத்தியில் ஏறவில்லை. மந்தைவெளியில் மூன்று மாதம் மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் டாஸ் படித்தவன் நான். சர்டிபிகேட் வேறு இருந்தது. பழைய டிஸ்க்கில் சி, டி என்று இரண்டு பகுதி; மாளவிகாவின் வேலையெல்லாம் டியில். புதிதாக வருவது ஈ. குழந்தைகூடச் சொல்லும். ஃபார்மட் ஈ என்று தட்டினேன். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. காலி டிஸ்க்கில் அழிய என்ன இருக்கிறது? சம்மதித்தேன்.

சதவீதம் ஏறுவதைப் பார்க்கவே ஆனந்தமாக இருந்தது. முடிந்ததும் டிஸ்க்கின் அளவைத் திரையில் காட்டியது. இரண்டு ஜி.பி.யில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. நான் அதைப் படித்தால்தானே? டிரைவுக்குப் பெயர் கேட்டது. மாளவிகா என்று வைத்தேன். அந்தக் குஷியில் ஒரு செஸ் விளையாட்டு சிடியை அப்படியே அதில் காப்பி பண்ணினேன்.

ஷரஃபுதீன் திரும்பி வந்து திரையைப் பார்த்தார்.

"இன்னா சார் பண்ணீங்க?"

"உமக்கு வேலை மிச்சம்."

"புது டிஸ்க் மாட்னா அதுதான் சார் டி ஆவும். பழைய டி நகந்து ஈ ஆயிடும். அத்த பாத்துப் பண்ணணும்னுதான் தொடாதீங்கன்னேன். நீங்க அழிச்சது அம்மா வேலைய."

அவர் பையிலிருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்து எதையெதையோ முயன்றார். சில ஃபைல்கள் திரும்பி வந்தன. திறந்தால் ஒரே கட்டம் கட்டமாகக் குப்பை. "மேல சிடி வேற ஏத்திக்கீறீங்களே சார்" என்றார், கோபம்கூட இல்லாமல்.

மூன்றரைக்கு மாளவிகா வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். பயமாக இருந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது. அவள் திரையருகே போய்த் தன் பெயரைப் பார்த்தாள். வாங்கிவந்த பக்கங்களை மேஜைமேல் வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து பழைய கையெழுத்துக் கட்டை எடுத்தாள்.

"நாலாம் சாப்டர்லேர்ந்து அடிக்கணும். ஏன்னா, நீங்க வாசிங்கோ."

"என்னைத் திட்டேன், மாலு."

"இப்போ நேரமில்லை."

ஷரஃபுதீன் நிஜமான புது டிஸ்க்கை ஃபார்மட் பண்ணித் தமிழ் ஃபான்ட்டை ஏற்றினார். அப்போது எமகண்டம். நான் வாயைத் திறக்கவில்லை.

சனியும் ஞாயிறும் நான் வாசிக்க அவள் அடித்தாள். மதகு, தூம்பு, ஏரி வாரியம். கீபோர்டைக் குனிந்து பார்க்கவே மாட்டாள். கல்வெட்டு வரிகளில் நான் தடுக்கி விழும்போது மீதியை அவளே சொல்லி முடித்துவிடுவாள். ஆறாம் அத்தியாயத்தில் ஓர் ஆண்டு, இரண்டாம் அத்தியாயத்தில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்று நிறுத்தி, கைசர் ஜஹானுக்குப் போன் போட்டாள். "அல்லாஹ், எங்க கைடுகூடப் பாக்கலையேம்மா" என்ற குரல் எனக்கே கேட்டது. அந்த அம்மாளின் சோழர்களை இவ்வளவு தெரிந்தவளைத்தான் ஏதோ அடித்துக்கொண்டிருக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வெறுமனே வாசித்ததற்கே ஞாயிறு மதியம் என் தொண்டை கட்டிக்கொண்டது. அவள் மணிக்கட்டை உதறிக்கொண்டு அடுத்த பக்கம் என்றாள்.

திங்கட்கிழமை லீவு போட்டேன். அச்சடித்த கட்டைத் தூக்கிக்கொண்டு வரட்டுமா என்றதற்கு, "நீங்க ஒண்ணையும் தொடவேண்டாம்" என்றாள். பைண்டிங் கடைக்கும் யூனிவர்சிடிக்கும் கைசர் ஜஹானோடு அவளே போனாள். நான் வாசலுக்கும் கடிகாரத்துக்குமாக நடந்தேன்.

ஐந்தரைக்கு வந்தாள். "நாலரைக்கே குடுத்தாச்சு" என்றாள். கால் அலம்பினாள். நான் போட்ட காபியை நிதானமாகக் கடைசிச் சொட்டு வரை குடித்து டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டுக்கொண்டாள்.

"இப்போ நேரம் இருக்கு. உக்காருங்கோ."

உட்கார்ந்தேன். ஏழு மணி வரைக்கும் திட்டினாள். அதில் ஒரு வார்த்தைகூட அதிகமில்லை.