திறக்காத கதவுக்கு ஒரு சாவி

மாட்டுங்காவில் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதினொரு பேர் ஒரு ஹாலில் நெருக்கியடித்து உட்கார்ந்து அருவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அருவி டிவியில் விழுந்துகொண்டிருந்தது. டிவி அறுபத்தைந்து அங்குலம். ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. கடைசியாக வந்த இசக்கிசெல்விக்குச் செருப்பு ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடைத்தது.

'பம்பாய் தமிழ் கேமர்ஸ்' என்ற வாட்ஸ்அப் குழுவின் கூட்டம் அது. உறுப்பினர் அறுபத்துமூன்று, கட்சி இரண்டு. 'நைன்த் பெல்' என்ற சாகச விளையாட்டின் முதல் இரண்டு பாகங்கள் டஞ்சன்களால் ஆனவை: பூமிக்கடியில் அறைக்குள் அறை, பூட்டு, சாவி, புதிர், கடைசி அறையில் ஒரு ராட்சதன். மூன்றாம் பாகம் ஓபன் வேர்ல்டாக வரும், அதாவது மலையும் கடலும் புல்வெளியுமாக விரிந்த நாட்டில் எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம் என்று கம்பெனி அறிவித்த அன்று குழு இரண்டாகப் பிளந்தது. டஞ்சன் கட்சித் தலைவன் வெங்கி, இந்த வீட்டுக்காரன். ஊர் அறிந்த பெயர் வேங்கடசுப்ரமணியன், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதிகாரி, விளையாட்டுகளை அலசும் ஒரு வீடியோ சேனலுக்கும் அதிபதி. ஓபன் வேர்ல்ட் கட்சிக்கு நிகில். அணுசக்தி நகரில் பிறந்து வளர்ந்து இப்போது தாணேயில் ஃப்ளாட் வாங்கியிருப்பவன். நிகிலின் கல்யாணத்துக்கு வெங்கி வந்தான். பாயசம் வருவதற்குள் வாக்குவாதம் வந்து, பாதி இலையில் எழுந்து போனான்.

விளையாட்டு கடைக்கு வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அன்று வெளியானது அதன் முதல் பகுதி மட்டும், இலவச மாதிரி. ஆனால் இரண்டு கட்சிகளும் ஒன்றரை வருடமாக அதன் குணம் குற்றங்களைத் தீர விவாதித்து முடித்திருந்தன. விளையாடிப் பார்ப்பது ஒரு சம்பிரதாயம்தான்.

அதை உண்மையிலேயே எட்டு மாதம் விளையாடிய ஒரு ஆள் அந்த ஹாலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

செம்பூரில் ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் வெளிநாட்டு விளையாட்டுகளைச் சோதித்துத் தரும் ஒரு கம்பெனியில் இசக்கிசெல்விக்கு வேலை. உள்ளே நுழையும்போதே போனை லாக்கரில் வைக்க வேண்டும். வேலை என்பது சுவரில் முட்டுவது. கையில் கன்ட்ரோலரோடு ஒரு அறையின் இடது சுவரை ஒட்டியே போய், மூலை மூலையாக முட்டி, எங்கே சுவர் வழிவிடுகிறது, எங்கே கால் தரைக்குள் புதைகிறது என்று எழுதித் தர வேண்டும். ஒரே அறையில் ஒன்பது மணி நேரம் முட்டியிருக்கிறாள். வீட்டிலும் குழுவிலும் டேட்டா என்ட்ரி என்று சொல்லி வைத்திருந்தாள். சோதிக்கும் விளையாட்டைப் பற்றி வெளியே மூச்சு விட்டால் வேலை அன்றோடு சரி என்று ஆறு பக்க ஒப்பந்தத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருந்தது. அவளுடைய தற்காலிகப் பதினொரு மாதம் முடியப்போகிறது; நிரந்தரக் கடிதம் அந்த வியாழக்கிழமை வர வேண்டும். தாராவியில் கேம் பார்லரே கதியென்று கிடந்த அவள் சிறு வயதைத் தகுதி என்று ஒத்துக்கொண்ட ஒரே ஆபீஸ் உலகத்தில் அது ஒன்றுதான். அதற்கு முன்பு கூரியர் கம்பெனியில், பார்சல் எங்கே என்று கேட்பவர்களிடம் திட்டு வாங்கும் வேலை.

பின்னே இங்கே எதற்கு வந்தாள்? குழுவிலிருந்து திடீரென்று விலகினால் சந்தேகம் வரும் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். நிஜம் வேறு. அவள் எட்டு மாதம் வாழ்ந்த நாட்டில் மற்றவர்கள் முதல்முறை கால் வைக்கும்போது அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை.

முகங்களைப் பார்க்க முடியவில்லை. எல்லா முகமும் பேசிக்கொண்டிருந்தது.

"மலை ஏறினா என்ன தெரியறது? இன்னொரு மலை. அதுல ஏறினா?" என்றான் வெங்கி. "நானூறு காளான் பொறுக்கணும். இதுக்குப் பேர் சாகசமா? காய்கறி மார்க்கெட்டுக்குப் போற வேலை இது."

"அரே பாய், உன் டஞ்சன்ல மட்டும் என்ன இருக்கு? சின்னச் சாவி சின்னப் பூட்டுக்கு, பெரிய சாவி பெரிய பூட்டுக்கு. எல்.கே.ஜி. புக்குல கோடு போட்டு சேக்கற மாதிரி" என்றான் நிகில். "உனக்கு மாட்டுங்கா போதும்டா. கோயில், ஸ்டேஷன், காபி பொடிக் கடை, வீடு. உனக்கு எதுக்கு உலகம்?"

"நீ போன தாணேயத்தான் பாத்தோமே. பன்னண்டாவது மாடியில நின்னா எதிர்ல இன்னொரு பன்னண்டாவது மாடி. அதான் உன் ஓபன் வேர்ல்ட்."

ஹால் சிரித்தது. முக்காலியில் சாய்த்து வைத்திருந்த போனில் சிவப்புப் புள்ளி எரிந்தது. வெங்கி எல்லாவற்றையும் சேனலுக்காகப் பதிவு செய்துகொண்டிருந்தான். அதனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் போனுக்குக் கேட்கும்படி முடித்தான்.

அப்போதுதான் கன்ட்ரோலர் கையில் இருந்த யாரோ திரையில் அருவிக்குப் பின்னால் நுழைந்தார்கள். பாறையில் வெட்டிய படிகள் இறங்கின. படிகளின் முடிவில் பச்சை பூத்த செம்புக் கதவு ஒன்று, நடுவில் மணி வடிவத்தில் ஒரு துளையோடு. அது திறக்கவில்லை.

"சொன்னேனே!" வெங்கி எழுந்தே நின்றுவிட்டான். "டஞ்சன்! இவ்வளவு பெரிய புல்வெளியப் போட்டும் டஞ்சன் இல்லாம அவாளால முடியல. பின்னாடி கொறஞ்சது பதினாலு ரூம் இருக்கும், எழுதி வெச்சுக்கோ."

இசக்கிசெல்வி ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதினாலு என்பது சரியான எண். உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் பதினாலு அறைகள், மூன்று சாவி. அவள் அதில் மட்டும் நாலு மாதம் முட்டியிருக்கிறாள். இருநூற்றுப் பன்னிரண்டு குறை கண்டுபிடித்துச் சொல்லி, இருநூற்றைத் திருத்தவும் செய்தார்கள். எட்டாவது அறையில் தண்ணீர் வடியும்போது கூரையில் தெரியும் வெளிச்சத்தைப் பார்க்கவென்றே சாப்பாட்டு நேரத்திலும் உள்ளே போவாள். ஒரு புதன்கிழமை காலை வந்த புதிய பதிப்பில் பதினாலு அறையும் இல்லை. விரிந்த நாட்டில் வேலை பாக்கி, ஆள் போதவில்லை, டஞ்சனை நீக்கிவிட்டார்கள். கதவு மட்டும் மலையோடு மலையாக நின்றது. 'கதவு திறக்கவில்லை' என்று குறை எழுதி அனுப்பினாள். 'திட்டப்படியே' என்று ஒரே வார்த்தை பதில் வந்தது. அப்படியென்றால் கதவையாவது எடுத்துவிடலாமே என்று தன் மேலாளர் ஷைஸ்தாவிடம் கேட்டாள். "கதவ எடுத்தா மலைய மறுபடி பண்ணணும், செல்வி. விடு" என்று ஷைஸ்தா ஹிந்தியில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனாள்.

"டஞ்சனே இருக்கட்டும். சாவி எங்க? வெளியில, உலகத்துல!" என்றான் நிகில். "தேடிக் கண்டுபிடிக்கறதுதான் விளையாட்டு. ஜெயிச்சது நாங்க."

உள்ளிருந்து வெங்கியின் அம்மா சுப்புலக்ஷ்மி காபித் தட்டோடு வந்து திரையை உற்றுப் பார்த்தாள். "ஏன்டா, அரை மணியா ஒரு கதவ இடிச்சிண்டு நிக்கறேளே, அந்தாத்துல யாருமே இல்லையோ என்னமோ. காபி ஆறறது, எடுத்துக்கோங்கோ."

அன்று அந்த ஹாலில் சொல்லப்பட்ட கருத்துகளில் உண்மைக்கு மிக அருகில் போனது அதுதான். யாரும் காதில் வாங்கவில்லை.

"செல்வி, நீயும் ஒரு கை பாரு. லேடீஸும் ஆடறாங்கன்னு வீடியோல வரட்டும்" என்று நிகில் கன்ட்ரோலரை நீட்டினான்.

வாங்கித்தான் ஆக வேண்டும். மோசமாக ஆட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள். இரண்டு தடவை தண்ணீரில் விழுந்தாள், ஒரு நரியிடம் செத்தாள். ஹாலுக்குப் பரம திருப்தி. ஆனால் கட்டைவிரல் சொன்னபடி கேட்கவில்லை. படிகளில் இறங்கும்போது அது தானாகவே இடது சுவரை ஒட்டிப் போனது, மூலை வந்தால் நின்று இரண்டு முட்டு முட்டியது.

"இது என்ன, சுவத்த ஒட்டி ஒட்டி?" என்றான் நிகில். "தாராவி சந்துல நடக்கற நெனப்பா?"

"எங்க சந்துல தட்டுனா எந்தக் கதவும் தொறக்கும், நிகில் அண்ணே" என்றாள். சிலர் சிரித்தார்கள். அவள் கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதோடு போயிருக்கலாம்.

வெங்கி அவள் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து, டஞ்சன் என்றால் என்னவென்று அவளுக்கு விளக்க ஆரம்பித்தான். முதல் அறை எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும், தண்ணீரை எதற்கு ஏற்றி இறக்க வேண்டும், எல்லாம் சொன்னான். பெரும்பாலும் சரியாகவே சொன்னான். பிறகு திரையைக் காட்டி, "இந்தக் கதவு தொறக்காததுக்கு ஏதோ ஒரு பக், புரோகிராம்ல ஒரு தப்புதான் காரணமா இருக்கும். டெஸ்ட் பண்றவா லட்சணம் அப்படி. காசு வாங்கிண்டு நாள் பூரா விளையாடறதுகள். கண்ணும் கிடையாது, மூளையும் கிடையாது. நம்மள மாதிரி ஒருத்தன் அங்க இருந்தா விட்டிருப்பனா?" என்றான்.

"ஓசிப் பிரியாணி கேஸுங்க" என்று நிகிலும் ஒத்துக்கொண்டான்.

"அங்க பின்னால ஒண்ணும் கெடையாது" என்றாள் இசக்கிசெல்வி.

குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. ஹால் திரும்பியது.

"வெறுங்கல்லு. பதினாலு ரூமும் இருந்துச்சு. எடுத்துட்டாவ. கதவ எடுத்தா மலைய மறுபடி செய்யணும்னு அத மட்டும் உட்டுட்டாவ. அதுக்குச் சாவியும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. எத்தன வருசம் இடிச்சாலும் தொறக்காது."

சொல்லி முடித்த பிறகுதான் சிவப்புப் புள்ளி கண்ணில் பட்டது. வியாழக்கிழமை, ஷைஸ்தா, ஐந்தாவது மாடி எல்லாம் அந்தப் புள்ளிக்குள் போய்க்கொண்டிருந்தன. யார் சொன்னது என்று ஒருவன் கேட்டால் போதும்.

ஒருவரும் கேட்கவில்லை.

நிகில்தான் முதலில் சிரித்தான். பிறகு வெங்கி. பிறகு ஒன்றரை வருடத்தில் முதல்முறையாக இரண்டு கட்சியும் சேர்ந்து சிரித்தன.

"ஒண்ணுமில்லாத எடத்துக்கு எவனாவது கதவு வெப்பானா?" என்றான் வெங்கி, குழந்தையிடம் பேசுவதுபோல. "டிசைன்னு ஒண்ணு இருக்கு செல்வி. எல்லாத்துக்கும் ஒரு காரணம் உண்டு. நீ ஏதோ ஃபோரம்ல எவனோ எழுதினதப் படிச்சுட்டு வந்திருக்கே."

"கரெக்ட்டா சொன்ன பாய்" என்று நிகில் அவன் தோளில் கை போட்டான். பாயசத்துக்கு முன்னால் எழுந்துபோனவனின் தோள்.

கூட்டம் கலைந்ததும் அவள் வெங்கியிடம் போனாள். "வெங்கி அண்ணே, நான் பேசுன பார்ட்ட மட்டும் வெட்டிருங்க. கும்புடுதேன்."

"நீ சொல்லவே வேண்டாம்" என்றான் அவன் பெருந்தன்மையோடு. "அதெல்லாம் வெச்சா சேனல் பேர் கெட்டுடும். விவரமில்லாதவாளப் பேச விட்டேன்னு கமென்ட் போடுவா."

வீடியோ செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. ஒரு மணி நாற்பது நிமிஷம். சயானிலிருந்து செம்பூர் போகும் பஸ்ஸில் நின்றபடி இயர்போனில் முழுவதையும் ஓட்டி ஓட்டிக் கேட்டாள். பஸ் விட்டு இறங்கி, கட்டடத்தின் வாசலில் நின்று கதவு வரும் இடத்தை இன்னொரு தடவை கேட்டாள். அவள் நரியிடம் செத்தது இருந்தது. பின்னணியில் ஒரு சிரிப்புச் சத்தமும் சேர்த்திருந்தான். கல் இல்லை, மலை இல்லை, எடுத்துட்டாவ இல்லை. சுத்தமாக வெட்டியிருந்தான்.

வியாழக்கிழமை கடிதம் வந்தது. ஷைஸ்தா கையைப் பிடித்துக் குலுக்கினாள். எட்டு மாதத்தில் ஒரு வார்த்தை வெளியே போகவில்லை, உன்னைப் போல நாலு பேர் இருந்தால் போதும் என்றாள். இசக்கிசெல்வி தலையை ஆட்டிக்கொண்டு கடிதத்தை வாங்கினாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் பல்லில் சிக்கிய நார் மாதிரி ஒன்று உள்ளே கிடந்து உறுத்தியது. தான் உளறியது வேலையைப் பறித்திருந்தால்கூட அதற்கு ஒரு மரியாதை இருந்திருக்கும். அவள் வேலையைக் காப்பாற்றியது அவளுடைய வாய்க்கட்டுப்பாடு அல்ல. அவள் சொல்லுக்கு அந்த ஹாலில் இருந்த மதிப்பு.

கடிதத்தோடு புது ஒப்பந்தமும் இருந்தது. அதே ஆறு பக்கம். கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். விளையாட்டில் இருப்பதைச் சொல்லக் கூடாது. இருந்ததைச் சொல்லக் கூடாது. இருக்கப்போவதைச் சொல்லக் கூடாது. இல்லாததை, எப்போதும் இருந்திராததைச் சொல்லக் கூடாது என்று எங்குமே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, வெங்கியின் வீடியோவுக்குக் கீழே 'பிரம்மநாயகம், லண்டன்' என்ற பெயரில் நீளமான ஒரு கருத்து இருந்தது. விளையாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏழு உப்புப் பாத்திகள் இருக்கின்றன. மூன்றாவது பாத்தியில், மழை பெய்யும்போது, ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் நிற்க வேண்டும். கோபுர மணி ஒன்பது முறை அடிக்கும். பத்தாவது ஒன்று மெல்லக் கேட்கும். கேட்டவருக்கு அருவிக்கதவு திறக்கும். இது டஞ்சனும் ஓபன் வேர்ல்டும் கைகோக்கும் உயர்ந்த கலை, ஆழமான ரசனை உள்ளவர்களுக்கே இது பிடிபடும் என்று முடித்திருந்தார் பிரம்மநாயகம்.

லண்டன் என்பதால் ஒருவரும் சந்தேகப்படவில்லை. பத்து மணிக்கு வெங்கி அதைச் சேனலின் உச்சியில் ஒட்டிவைத்தான். தனக்கு ஆரம்பத்திலிருந்தே இப்படி ஒன்று தோன்றியது என்று கீழே எழுதினான். பன்னிரண்டு மணிக்கு நிகில் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு மூன்றாவது பாத்தியில் நின்றான். சாயங்காலத்துக்குள் இரண்டு கட்சியிலிருந்தும் முப்பது பேருக்கு மேல் அங்கே தனித்தனியாக, கத்தியைக் கீழே போட்டுவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தக் கடற்கரையில் மழையே கிடையாது. இசக்கிசெல்வி அங்கே மூன்று வாரம் முட்டியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை குழுவில் நிகில் எழுதினான்: "லேசா தூறுச்சு. பத்தாவது மணி கேட்டேன், சத்தியமா."

"எனக்கும் கேட்டுது" என்று வெங்கி உடனே எழுதினான். "ஆனா நீ கேட்டது ஒன்பதாவதோட எதிரொலி. பத்தாவது அதில்ல."

அதன்பின் எது பத்தாவது என்று குழு மறுபடியும் இரண்டாகப் பிளந்தது. திங்கட்கிழமை காலை நிகில் அவளுக்குத் தனியாக எழுதினான்: "பாத்தியா செல்வி, பின்னாடி ஒண்ணுமில்லன்னு சொன்னியே."

"ஆமாண்ணே, எனக்கு அவ்வளவு வெவரம் பத்தாது" என்று எழுதி அனுப்பினாள் இசக்கிசெல்வி. செம்பூரில் ஐந்தாவது மாடிக்கு லிஃப்ட் வந்து நின்றது. போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு, அடுத்த சுவரில் முட்டப் போனாள்.